எண்ணெயா, மாத்திரையா, பழைய எண்ணெயைக் கொட்டுவதா: ஆல்டிஹைடு நச்சைக் குறைக்க எது முதலில்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்ட லயங்களிலிருந்து வெளியேறித் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பங்களில் யாராவது ஒருவருக்கு இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கிளினிக்கில் மருந்து வாங்கித் திரும்பியதும், உடம்பில் சேர்ந்த நச்சைக் கழிக்க என்ன செய்வது என்ற பேச்சு எழுகிறது. அதற்கு மூன்று யோசனைகளும் தயாராக இருக்கின்றன. பாக்கெட் செம்பனை எண்ணெயை விட்டுச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறச் சொல்கிறார் ஒருவர். நேரடி விற்பனைக்காரர் கொண்டுவரும் வைட்டமின் ஈ மாத்திரையையோ குளூட்டாதியோன் தூளையோ வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாமல் அப்புறப்படுத்தச் சொல்கிறார் மூன்றாமவர். இவர் பேச்சைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாதச் செலவில் இதற்கென ஒதுக்க முடிந்த தொகை அளவானது என்பதால், மூன்றையும் செய்துவிடலாம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எதற்கு முதலிடம் கொடுப்பது என்று தீர்மானிக்க, அந்த நச்சு எது, நம் உயிரணுக்கள் அதை எப்படிக் கையாளுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நச்சு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் தெளிவாக அடையாளம் காணப்பட்ட ஒரு பகுதி, கொழுப்பு சிதைவதால் பிறக்கும், எளிதில் வினைபுரியும் சேர்மங்களான ஆல்டிஹைடுகள். ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகும்போது, அதாவது ஜோடியில்லா எலெக்ட்ரானோடு அலையும் தனி உறுப்புகள் (free radicals) என்ற வீரியமான துணுக்குகள் உடல் அடக்க முடியாத அளவு பெருகும்போது, உயிரணுச் சவ்வுகளில் உள்ள பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை அவை தாக்குகின்றன. ஒரு மூலக்கூறு தாக்கப்பட்டதும் அது அடுத்ததைத் தாக்குவதால் இது சங்கிலி வினையாக ஓடுகிறது. இடையில் உருவாகும் கொழுப்புப் பெராக்சைடுகள் உடைந்து மலோன்டைஆல்டிஹைடு, அக்ரோலின், 4-ஹைட்ராக்சிநோனினால் முதலியவற்றைத் தருகின்றன. தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்குப் பாராகுவாட் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. அது உயிரணுவுக்குள் ஓர் எலெக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, தான் சேதமடையாமல் மறுபடி வாங்க வந்து நிற்கும்; இப்படி ஓயாமல் சுழன்று நுரையீரலில் இதே கொழுப்புச் சிதைவை மூட்டிவிடுவதுதான் அதன் கொடுமை. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் பாராகுவாட் இல்லாமலேயே வீக்கம், உயர்ந்த சர்க்கரை, புகை ஆகியவையும் அதே வினையை மெதுவாக நடத்திக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கூட்டத்தில் அதிகமாக ஆராயப்பட்டது 4-ஹைட்ராக்சிநோனினால். இனி இதை நோனினால் என்றே குறிப்பிடுகிறேன். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆய்வாளர் ஹெர்மன் எஸ்டர்பவர், இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980-இல், கல்லீரல் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருள் இதுதான் என்று அடையாளம் காட்டினார். ஒன்பது கார்பன்கள் கொண்ட சிறிய மூலக்கூறு இது. லினோலிக், அராக்கிடோனிக் போன்ற ஒமேகா-6 கொழுப்பு அமிலங்களிலிருந்து பிறக்கிறது. ஒரு முனையில் ஆல்டிஹைடுத் தொகுதி, அதை ஒட்டி ஓர் இரட்டைப் பிணைப்பு, அதற்கு அடுத்த கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் என்று மூன்றும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், புரதங்களிலுள்ள சிஸ்டீன், ஹிஸ்டிடின், லைசின் ஆகிய இடங்களில் இது பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட நொதி பெரும்பாலும் வேலை செய்யாமல் போகிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறந்த இடத்திலேயே நானோ நொடிகளில் மடிந்துவிடும். நோனினாலோ பல நிமிடங்கள் தாக்குப்பிடித்து, பிறந்த சவ்வை விட்டு நகர்ந்து வேறிடத்தில் சேதம் செய்யும். ஆகவே தனி உறுப்புகளைத் தடுப்பதும், அவற்றால் ஏற்கெனவே பிறந்துவிட்ட ஆல்டிஹைடுகளை அப்புறப்படுத்துவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். விற்பனைக்காரர்களின் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. நம் முடிவு தங்கியிருப்பதோ இந்த வேறுபாட்டில்தான்.

உயிரணு நோனினாலை மூன்று வழிகளில் அகற்றுகிறது. கல்லீரலில் பாதிக்கும் மேலான பங்கை எடுத்துக்கொள்ளும் முதல் வழி குளூட்டாதியோனோடு இணைப்பது. குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சிறு மூலக்கூறின் கந்தக முனை, நோனினாலின் இரட்டைப் பிணைப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. இது தானாகவும் நடக்கும், ஆனால் ஜி.எஸ்.டி.ஏ.4 என்ற நொதி இதைப் பல மடங்கு விரைவாக்குகிறது. ஒட்டியதோடு வேலை முடிவதில்லை. இந்த இணைப்பு திரும்பப் பிரியவும் கூடும் என்பதால், ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதி அதன் ஆல்டிஹைடு முனையை ஆல்கஹாலாக மாற்றிப் பூட்டுப் போடுகிறது. பிறகு சவ்விலுள்ள கடத்திகள் அதை உயிரணுவுக்கு வெளியே தள்ளுகின்றன. தள்ளாவிட்டால் உள்ளே தேங்கும் இணைப்பே ஜி.எஸ்.டி.ஏ.4 நொதியை மட்டுப்படுத்திவிடும். இறுதியில் சிறுநீரகம் அதை மெர்காப்டூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் விடுகிறது. உடலில் கொழுப்புச் சிதைவு எவ்வளவு நடக்கிறது என்று ஆய்வாளர்கள் சிறுநீரில் தேடுவது இந்தப் பொருளைத்தான்.

இரண்டாம் வழி ஆக்சிஜனேற்றம். ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் நொதிகள் நோனினாலை அமிலமாக மாற்றுகின்றன. அமிலமானபின் அது புரதங்களைப் பற்றும் வேகத்தை இழந்து, சாதாரணக் கொழுப்பைப் போலவே எரிக்கப்படுகிறது. மனிதரில் இந்தக் குடும்பத்தில் 19 மரபணுக்கள் உள்ளன. அவற்றில் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஏ.எல்.டி.எச்.2 இதயத்துக்கு மிக முக்கியமானது. 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாரியா மோக்லி-ரோசன் குழுவினர், அந்த நொதியை முடுக்கும் ஆல்டா-1 என்ற பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது, இரத்த ஓட்டம் தடைபட்ட இதயத்தில் சேதம் 60 விழுக்காடு குறைந்ததைக் காட்டினார்கள். கடையில் வாங்கக்கூடிய மாத்திரை எதுவும் அதைச் செய்வதில்லை.

இந்த நொதியின் மரபு வேறுபாட்டை நம்மூர்க் கல்யாண விருந்துகளிலேயே பார்க்கலாம். ஒரு குவளை பீர் குடித்ததும் சீன நண்பர்களில் சிலருக்கு முகம் சிவந்துவிடுகிறது அல்லவா? 504-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போன ஏ.எல்.டி.எச்.2 அவர்களிடம் இருக்கிறது. கிழக்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இது உண்டு, தென்னிந்திய வம்சாவளியினரிடம் அரிது. முகம் சிவக்கவில்லை என்பதால் நம்மவர்கள் தைரியம் கொள்ள வேண்டியதில்லை. குடித்த மதுவிலிருந்து வரும் அசிட்டால்டிஹைடு இதே நொதியிடம்தான் வந்து சேர்கிறது; அதைக் கையாண்டுகொண்டிருக்கும் நேரத்தில் நோனினால் காத்துக்கிடக்க வேண்டும். நோனினால் அளவுக்கு மீறினால் அந்த நொதியையே பற்றி முடக்கிவிடும் என்பது அடுத்த சிக்கல்.

மூன்றாம் வழியான ஒடுக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஆல்டோ-கீட்டோ ரிடக்டேஸ் குடும்பத்து நொதிகளும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேசும் ஆல்டிஹைடு முனையை ஆல்கஹாலாக்கி வீரியத்தைக் குறைக்கின்றன.

இம்மூன்று வழிகளும் சேர்ந்து, ஆரோக்கியமான கல்லீரல் உயிரணுவில் வந்து சேரும் நோனினாலின் பெரும்பகுதியைச் சில நிமிடங்களிலேயே தீர்த்துவிடுகின்றன. ஆகவே அன்றாட அளவைச் சமாளிப்பதில் உடலுக்குத் திறமைக் குறைவு இல்லை. சிக்கல் கொள்ளளவில் இருக்கிறது. பழக்குலை அதிகமாகும் பருவத்தில் செம்பனை ஆலையின் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆலை ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் காத்திருக்கும் குலையில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். நொதிகளும் அவை நாடும் துணைப்பொருள்களும் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு ஆல்டிஹைடு வரும்போது அதேதான் நடக்கிறது.

துணைப்பொருள்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இனிப்பு நீர் உள்ள வீட்டின் முடிவு இங்கேதான் மாறுகிறது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் இயங்க, எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள் தேவை; பயன்பட்ட குளூட்டாதியோனைப் பழைய நிலைக்குத் திருப்பவும் அதுவே தேவை. அதைப் பெருமளவு தருவது ஜி6பிடி நொதி வழியாகச் செல்லும் பாதை. இந்நாட்டு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைவா என்று பார்ப்பது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பதால், நம் தாய்மார்களுக்கு இந்தப் பெயர் பழகியதுதான். அந்துருண்டை வாசத்தைக் கூடக் குழந்தையிடம் அண்டவிடாதீர்கள் என்று தாதியர் எச்சரிப்பதும் இதன் காரணமாகவே. இனி சர்க்கரைக்கு வருவோம். இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு உயர்ந்தால் அதே ஆல்டோஸ் ரிடக்டேஸ் அதைச் சார்பிட்டாலாக மாற்றத் தொடங்குகிறது, அதற்கு என்.ஏ.டி.பி.எச்.-ஐச் செலவழிக்கிறது. இந்த நொதி இயல்பில் நோனினாலையே பெரிதும் விரும்புவது. குளுக்கோஸ் மேல் அதற்கு நாட்டம் மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை மிகுந்து வழியும்போது நாட்டக்குறைவு உதவுவதில்லை. ஆல்டிஹைடு உற்பத்தி அதிகமாகும் அதே வேளையில் அதை அகற்றும் வசதியும் சுருங்குகிறது. மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதைச் சுகாதார அமைச்சின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருவதால், எந்த எண்ணெய், எந்த மாத்திரை என்ற கேள்விகளுக்கு முன்பாகவே, கிளினிக்கில் கொடுத்த மருந்தைத் தவறாமல் போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது வந்து நிற்கிறது. அது செலவில்லாத யோசனை என்பதால்தானோ என்னவோ, யாரும் அதை நச்சு நீக்கும் வழியாக விற்பதில்லை.

இனி மூன்று யோசனைகளையும் எடுத்துக்கொள்வோம். வைட்டமின் ஈ சங்கிலி வினையின் நடுவில் நின்று அதை அறுக்கிறது, அது உண்மை. ஆனால் உருவாகிவிட்ட ஆல்டிஹைடை அதனால் தொட முடியாது. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளும் உற்சாகம் தரவில்லை. இதய நோய் அபாயமுள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ மாரடைப்பைக் குறைக்கவில்லை. அதே அளவை ஆண்களுக்குக் கொடுத்த செலக்ட் ஆய்வின் 2011 முடிவில், புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்தது. இவற்றில் சோதிக்கப்பட்டது டோகோபெரால் என்ற வகை. செம்பனையில் உள்ள டோகோட்ரையீனால் வேறு வகை என்று விற்பனைக்காரர்கள் வாதிடலாம், அது நியாயமே. ஆனால் வேறு வகை என்பது மட்டும் பலன் உண்டு என்பதற்குச் சான்றாகிவிடாது. குளூட்டாதியோன் தூளின் கதை இன்னும் எளிது. வாய்வழியாகச் செல்லும் குளூட்டாதியோனின் பெரும்பகுதி குடலிலேயே அமினோ அமிலங்களாகப் பிரிக்கப்படுகிறது. உயிரணு தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்கு அடிக்கடி பற்றாக்குறையாகும் மூலப்பொருள் சிஸ்டீன். முட்டையும் மீனும் பருப்பும் அதைக் கொடுக்கின்றன. பாரசிட்டமால் அளவுமீறி விழுங்கியவருக்கு மருத்துவமனையில் அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றுவது இதே தத்துவத்தில்தான். அது உயிர் காக்கும் அவசர சிகிச்சை. வீட்டில் காலையில் கலக்கிக் குடிக்கும் பானத்தை அதோடு ஒப்பிடக் கூடாது.

மாத்திரைப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கீரைக்கடைக்குத் திருப்பினால் அதற்கு உயிரணு அளவில் காரணம் உண்டு. கீப்1 என்ற புரதம் வழக்கமாக என்.ஆர்.எஃப்.2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். நோனினால் சிறிதளவு வந்து கீப்1-இன் சிஸ்டீன்களைப் பற்றினால் பிடி தளர்கிறது, விடுபட்ட என்.ஆர்.எஃப்.2 உயிரணுவின் உட்கருவுக்குள் போய், குளூட்டாதியோன் கட்டும் நொதிகளையும் அதை இணைக்கும் நொதிகளையும் அதிகமாக உருவாக்க ஆணையிடுகிறது. கோபிஸ், சாவிக்கீரை (sawi), கடுகுக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றில் கிடைக்கும் ஐசோதயோசயனேட்டுகளும் இதே பொத்தானை அழுத்துகின்றன. நறுக்கும்போதுதான் இவை உருவாகின்றன, நெடுநேரம் வேகவைத்தால் குறைந்துவிடுகின்றன என்பதால், நறுக்கிச் சற்று வைத்திருந்து லேசாக வதக்குவது நல்லது. இதனால் நோய் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று வழிகளின் கொள்ளளவைத் தொடக்கூடிய சமையலறைச் செயல்களில் இது ஒன்று.

எண்ணெய் வகையை மாற்றும் யோசனை, பார்ப்பதற்கு நேர்மாறான பலனைத் தரக்கூடியது. சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் பாதிக்கும் மேல் இருக்கிறது. சோளம், சோயா எண்ணெய்களும் அப்படியே. செம்பனை ஒலியினில் (சமையலுக்கு விற்கும் திரவப் பகுதியில்) அது ஏறத்தாழ 11 அல்லது 12 விழுக்காடு, தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காட்டை ஒட்டியது. நோனினாலின் தாய்ப்பொருள் லினோலிக் அமிலம் என்பதை நினைவில் கொண்டால், நன்கு காய்ந்த சட்டியில் எது அதிகமாக ஆல்டிஹைடு விடும் என்பது விளங்கும். சோயா எண்ணெயைப் பொரிக்கும் வெப்பத்தில் வைத்தால் நோனினால் சேர்வதை மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மறுபுறம், செம்பனையிலும் தேங்காயிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது, சூரியகாந்தி அதைத் தணிக்கிறது. ஆகவே தாளிக்கவும் லேசாக வதக்கவும் சூரியகாந்தி பொருந்தும். வடையும் அப்பளமும் பொரிக்கச் செம்பனையே தேவலை. அதைக்கூடத் தினமும் பொரிக்கக் கூடாது என்பது தனி விஷயம். இரண்டு வகை வாங்கி வைக்க முடியாத வீட்டில், மானிய விலையில் 2.50 வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட்டையே வைத்துக்கொண்டு, பொரிப்பதைக் குறைப்பது புத்திசாலித்தனம்.

மிஞ்சியிருப்பது பழைய எண்ணெய். எந்த வகை எண்ணெயானாலும், எத்தனை முறை காய்ச்சினோம் என்பது, அது சூரியகாந்தியா செம்பனையா என்பதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், சுமார் 180 டிகிரியில் சக்கரைவள்ளிக்கிழங்கு பொரித்து ஐந்து முறையும் பத்து முறையும் காய்ச்சிய செம்பனை எண்ணெயை எலிகளின் உணவில் கலந்து கொடுத்தபோது அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. புதிய எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இரசாயனம் ஒன்றுதான். கெட்டுப்போன எண்ணெயைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். சட்டியின் விளிம்பில், எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே, பிசின் போல விரலில் ஒட்டும் பழுப்பு மஞ்சள் படலம் படிந்திருக்கும். அது கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் வருவது. வடையைப் போட்டதும் எழும் நுரை, பெரிய குமிழ்களாக உடைந்து அடங்காமல், பொடிக் குமிழ்களாக மேலேறி நிற்கும். முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகை கிளம்பும். அந்தப் புகையில் அக்ரோலின் உண்டு. கண் எரிந்து நீர் வழிவது அதனால்தான். சாப்பிடுகிறவரின் குடல் நொதிகளாவது வந்த ஆல்டிஹைடில் ஒரு பங்கைக் கையாளும். ஒட்டுக்கடையில் சட்டிக்கு மேலே குனிந்து நாளெல்லாம் நிற்கும் பெண்ணின் மூச்சுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அக்ரோலினை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. சிகரெட் புகையில் இருப்பதும் இதே அக்ரோலின். புகைப்பதை நிறுத்தியவரின் சிறுநீரில் அதன் மெர்காப்டூரிக் அமிலம் சில நாட்களிலேயே பெருமளவு குறைவது அளந்து அறியப்பட்டது. மாத்திரை எதுவும் இவ்வளவு விரைவாக இத்தனை தெளிவான மாற்றத்தைக் காட்டியதில்லை.

எனவே என் வரிசை இது: இனிப்பு நீர் உள்ளவருக்கு முதலில் சர்க்கரைக் கட்டுப்பாடு, புகைப்பவர் உள்ள வீட்டில் அதை நிறுத்துவது அதற்கு இணையான இடம், பிறகு பழைய எண்ணெயை அப்புறப்படுத்துவது, அதற்குப் பிறகே எண்ணெய் வகை. மாத்திரைக்குப் பணம் மிஞ்சினால் அதில் மீன் வாங்கலாம். வீட்டில் பொரித்த எண்ணெயை ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி இருட்டில் வைத்தால் இன்னொரு முறை தாளிப்புக்குப் பயன்படுத்துவதில் பெரிய தவறில்லை. மூன்றாம் முறை பொரிக்கச் சட்டியில் ஊற்றுவதைத்தான் நிறுத்த வேண்டும். 17 கிலோ தகரம் வாங்கும் ஒட்டுக்கடைக்காரருக்கு இந்த அறிவுரை கையைக் கடிக்கும் என்பது தெரிந்ததே. அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. அகலமான பெரிய சட்டிக்குப் பதில் சிறிய ஆழமான சட்டியை வைத்தால், ஒரே நேரத்தில் காயும் எண்ணெயும் காற்றுபடும் பரப்பும் குறைகின்றன. ஊற்றிவிட வேண்டிய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் சேர்த்து வைத்தால், பயோடீசல் தயாரிப்புக்கென அதை எடை போட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கிடைக்கும் வெள்ளி அடுத்த தகரத்தின் விலையில் ஒரு பங்கை ஈடுகட்டும்.